மூக்கில்லாத முரல்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முந்தி நடந்தது இது. மன்னார்த் தீவில், பேசாலையில். அறுக்குளா மீன் நன்றாகப் படுகிற பருவம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கலியாணமாகி மூன்று வருடம். தலைமன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் எங்கள் ஊரில் நின்று மீன்பெட்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகும். அந்த ரயிலில் நான் அதுவரை மன்னாரைத் தாண்டிப் போனதில்லை. போகவேண்டி வந்தது ஒரு மீனால். சுறாவோ திருக்கையோ என்றால் சொல்லிக்கொள்ளவாவது மரியாதையாக இருக்கும். இது ஒரு முரல்.

முரலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முழத்துக்கு மேல் நீளம் இருக்கும், பருமன் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேர்ந்து முன்னால் ஊசிபோல நீண்டிருக்கும், அதன் ஓரமெல்லாம் பொடிப் பற்கள். அதைத்தான் நாங்கள் மூக்கு என்போம். பெரிய மீன் துரத்தினால் முரல் தண்ணீருக்கு மேலே எழும்பிப் பாயும். எதிரே வள்ளம் நிற்கிறதா, ஆள் நிற்கிறானா என்று பார்க்காது. அதனால் எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. முரல் வள்ளத்துக்குள் வந்தால் முதல் வேலையாக அதன் மூக்கை முறித்துக் கடலில் எறிந்துவிடுவார்கள். கையைக் குத்தாது, வலையில் மாட்டாது. ஆகவே கரைக்கு வருகிற முரலுக்கு மூக்கு இருக்காது. முறித்தாயா என்று யாரும் யாரையும் கேட்பதுமில்லை.

அன்று காலை என் கணவரும் என் அண்ணனும் ஒரே வள்ளத்தில் போயிருந்தார்கள். வெயில் ஏறுகிற நேரம் திரும்பி வந்தபோது கணவரின் வலது கன்னத்தில், காதுக்குச் சற்று முன்னால், ஒரு சின்னக் காயம். கடலைப் பருப்பளவுதான் இருக்கும். அறுக்குளா துரத்த முரல் கூட்டமாகப் பாய்ந்ததாம், அதில் ஒன்று இவர் முகத்தில் அடித்து வள்ளத்துக்குள்ளேயே விழுந்ததாம். இவர் தலை சுற்றிச் சரிய, அண்ணன் கடல் தண்ணீரால் காயத்தைக் கழுவித் தன் தலைத்துண்டால் கட்டியிருக்கிறான். கரைக்கு வருவதற்குள் இரத்தம் நின்றுவிட்டது.

"அடிச்ச கள்ளனையும் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறம், குழம்பு வை" என்று அண்ணன் அந்த முரலை என் கையில் தந்தான். நானும் சிரித்துக்கொண்டே வெட்ட உட்கார்ந்தேன். மூக்கு அடியோடு முறிந்திருந்தது. நான் அதை யோசிக்கவே இல்லை. துண்டு துண்டாக வெட்டி, புளி கரைத்து விட்டு, நல்ல உறைப்பாகக் குழம்பு வைத்தேன். எல்லோரும் சாப்பிட்டோம். அவர் மட்டும், மெல்லும்போது வலிக்கிறது என்று சோற்றைத் தள்ளி வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. எனக்கோ சும்மாவே நாக்கில் முள் இருக்கிறது என்று என் அம்மா சொல்வார். "ஒரு கீறலுக்குப் பாய் விரிச்சுப் படுத்த ஆம்பிளையை நான் இப்பதான் பார்க்கிறன். உங்களை அடிச்சது முரலோ, திமிங்கிலமோ?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் இயல்பாகவே நன்றாகக் கதைக்கிற மனிதர், ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பித் தருவார். பேசாமல் கிடக்கிறார் என்றால் அது கோபம்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொன்னேன். அவரால் வாயைத் திறக்க முடியாமல் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் காலை கஞ்சி கொடுக்கப் போனேன். கரண்டி பல்லுக்கு நடுவே போகவில்லை. கரண்டியைத் திருப்பி அதன் காம்பை வைத்துப் பார்த்தேன், அதுவும் போகவில்லை. கையை நெற்றியில் வைத்தால் காய்ச்சல் கொதித்தது. கன்னம் வீங்கி வலது கண் பாதி மூடிக் கிடந்தது. கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட ஓடினேன். தாடைப் பூட்டுக் கழன்றிருக்கும், இழுத்துவிட்டால் சரியாகும் என்று பக்கத்து வீடுகளில் சொன்னார்கள். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாட்டு வண்டி பிடித்து, நாங்கள் இரண்டு பேரும் அவரை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டொக்டர் நல்ல மனிதர். என்ன நடந்தது என்று கேட்டார். "மீன் அடிச்சிட்டுது ஐயா" என்றேன். அவர் காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தினார், கணவர் பல்லைக் கடித்தபடியே முனகினார். தாடை எலும்பு காதுக்குக் கிட்ட வெடித்திருக்கலாம், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால்தான் சொல்லமுடியும், அந்த மெசின் இங்கே இல்லை என்றார். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்து, கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குத் தாமதிக்காமல் போகச் சொன்னார். அன்றைய ரயிலிலேயே ஏறி மறுநாள் காலை கொழும்பில் இறங்கினோம்.

எக்ஸ்ரே எடுக்கிற டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி போட்டு, மேலே பாரமான ஒரு ரப்பர் அங்கி கட்டியிருந்தார். சிரிக்கிற முகமில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, கணவரை மேசையில் குப்புறப் படுக்க வைத்து நெற்றியும் மூக்கும் படம் பதிகிற தட்டில் படும்படி ஒரு படம், பிறகு பக்கவாட்டில் சரித்து ஒரு படம் எடுத்தார். எங்களை வெளியே நிற்கச் சொன்னார். உள்ளே மெசின் உறுமுகிற சத்தம் கேட்டது. ஆளை வெட்டாமல் உள்ளே இருக்கிற எலும்பைப் படம்பிடிக்கிறார்கள் என்றால் நம்ப எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. சுட்டுவிடுமோ என்று பயந்து செபமாலையை உருட்டிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஈரம் சொட்டச் சொட்டப் படத்தை வெளிச்சத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக் காட்டினார். என் கணவரின் மண்டையோட்டை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். பல்வரிசையெல்லாம் ஒழுங்காக இருந்தது. மூளை இருக்கவேண்டிய இடம் வெறுமையாகத் தெரிந்தது. அதை நான் பிற்காலத்தில் அவருக்குப் பல தடவை சொல்லிக்காட்டியிருக்கிறேன்.

"எலும்பு ஒண்டும் வெடிக்கேல்லை" என்றார் டொக்டர். எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அண்ணன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். சத்திரசிகிச்சை செய்கிற வெள்ளைக்கார டொக்டர் ஒருவர் வந்து படத்தைப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்துத் தசை இறுகியிருக்கிறது, நாளைக் காலை மயக்க மருந்து கொடுத்து வாயை நெம்பித் திறந்து, கெட்ட பல்லைப் பிடுங்கிவிடுவோம் என்று முடிவாயிற்று. வெள்ளைக்காரர் போய்விட்டார். நாளைக்குப் பல் போனால் மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று நாங்கள் மூட்டையைக் கட்டத் தொடங்கினோம்.

அப்போதுதான் எக்ஸ்ரே டொக்டர், கடிதத்தை மடித்துக்கொண்டே, என்ன மீன் அடித்தது என்று கேட்டார். முரல் என்றேன். மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"முரலோ? அந்த மெல்லிய மீன் அடிச்சோ இவர் இப்பிடி விழுந்து கிடக்கிறார்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான்கு நாளாக அதே பேச்சை நானே பேசியவள்தான். ஆனால் என் புருஷனைப் பார்த்து நான் சிரிக்கலாம், இன்னொருவர் சிரிக்கலாமா? "ஐயா முரலைச் சட்டியிலதான் கண்டிருக்கிறியள் போல. அதின்ர மூக்கு ஒரு விரல் நீளம். பாய்ஞ்சு வந்தால் பலகையிலயும் ஏறி நிக்கும்" என்று வெடுக்கென்று சொன்னேன்.

"மூக்கோ? சந்தையில நான் பார்த்த முரல் எல்லாத்துக்கும் மொட்டை முகம்தானே?"

"மூக்கை முறிச்சுப்போட்டுத்தான் கரைக்குக் கொண்டு வாறது, ஐயா."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "இவரை அடிச்ச முரலின்ர மூக்கை ஆர் முறிச்சது?"

"அண்ணன்தான்" என்றேன், யோசிக்காமல்.

"நானோ?" என்றான் அண்ணன். "நான் இவரைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். மச்சான் எழும்பின பிறகு கோவத்தில முறிச்சுப்போட்டார் எண்டெல்லோ நினைச்சன்."

நாங்கள் இரண்டு பேரும் கணவரைப் பார்த்தோம். வாங்குப் பலகையில் சாய்ந்திருந்த மனிதர் வீங்கிய முகத்தை இடமும் வலமும் மெதுவாக ஆட்டினார். பிறகு விரலை நீட்டி அண்ணனைக் காட்டினார். நீ முறித்தாய் என்றுதான் நானும் நினைத்தேன் என்பது அதன் அர்த்தம்.

அப்படியென்றால் அந்த மூக்கை யாருமே முறிக்கவில்லை. இவர்களையாவது விடலாம், கடலில் ஆளுக்கு ஆயிரம் வேலை. அந்த மீனை மடியில் வைத்து வெட்டியவள் நான். கையால் முறித்த மூக்கு என்றால் இரண்டு விரலளவு மிச்சம் நிற்கும். பிறந்த நாள் தொட்டு நான் வெட்டிய முரல் எல்லாம் அப்படித்தான். இது அடியோடு போயிருந்தது. கண் கண்டது, விரல் தொட்டது, புத்திக்கு மட்டும் எட்டவில்லை. அந்த மூக்கு என் கணவரின் கன்னத்துக்குள்ளே நான்கு நாளாக இருந்திருக்கிறது. நான் அவரைக் கேலி செய்துகொண்டு மீனைத் தின்றிருக்கிறேன்.

டொக்டர் படங்களை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இருந்தாலும் இதில தெரியாது, பிள்ளை. அது மெல்லிய முள்ளு. இவரின்ர எலும்புக்குப் பின்னால கிடக்கும்" என்றார். பிறகு தன் கையையே தாடையாக வைத்து எங்களுக்கு விளங்கப்படுத்தினார். வாயை நெம்பினால் தாடை அசையும், தாடை அசைந்தால் முள் இன்னும் உள்ளே ஏறும். உள்ளே, மண்டையின் அடியில், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் இருக்கிறது. அதைக் குத்தினால் மேசையிலேயே முடிந்துவிடும். நாளைக் காலை வெள்ளைக்காரர் செய்யப்போவது அதைத்தான்.

"அவரிட்ட வாயால சொன்னால் போதாது. படத்தில காட்டவேணும்" என்றார் டொக்டர். "எனக்கு மூக்கோட ஒரு முரல் வேணும். இவரின்ர முகத்துக்குப் பக்கத்தில வைச்சு எடுத்தால்தான், எவ்வளவு வெளிச்சம் விடவேணும், எதைத் தேடவேணும் எண்டு எனக்குப் பிடிபடும். பின்னேரம் வரையும் இங்கதான் இருப்பன்."

நானும் அண்ணனும் ஓடினோம். கொழும்பில் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாது. மீன்சந்தை, மீன்சந்தை என்று கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தோம். சந்தையில் முரல் இருந்தது. ஒவ்வொரு பலகையிலும் இருந்தது. எல்லாமே மொட்டை முகம். மூக்குள்ள முரல் வேண்டும் என்று கேட்டபோது சிலருக்கு நாங்கள் சொன்னது விளங்கவில்லை, விளங்கியவர்கள் சிரித்தார்கள். எங்கள் கடற்கரை வழக்கம் எங்களுக்கு முன்னாலேயே கொழும்புக்கு வந்து உட்கார்ந்திருந்தது. எங்களூர் ஆட்களின் கெட்டிக்காரத்தனத்தை வாழ்நாளில் அன்றுதான் நான் வாய்விட்டுத் திட்டினேன்.

திட்டியது நல்லதாய்ப் போயிற்று. பக்கத்தில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்ற ஒரு முதலாளி திரும்பிப் பார்த்தார். தொப்பி போட்டு, சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். "எங்கட பக்கத்துப் பேச்சாக் கிடக்கு. எந்த ஊர் தங்கச்சி?" என்று கேட்டார். பேசாலை என்றேன். தான் மன்னாருக்குத் தெற்கே சிலாவத்துறை என்றார். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மூக்கு முறிக்காம எவனும் பெட்டியில அடுக்க மாட்டானே தங்கச்சி. ஐஸுக்குள்ள கை விடுறவன்ர கையைக் கிழிச்சுப்போடும்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே விடவில்லை. அன்று காலை எங்கள் ரயிலிலேயே வந்திறங்கிய பெட்டிகளில் நான்கு அவரிடம் இன்னும் திறக்காமல் இருந்தன, யாரோ பெரிய வீட்டுக்காரருக்குச் சொல்லி வைத்தவை. அவர் முதல் பெட்டியின் மூடியைக் கழற்றி, அப்படியே நிலத்தில் கவிழ்த்தார். ஐஸும் மீனும் சிதறி ஓடின. கொழும்பு வெயிலில் ஐஸ் எத்தனை நேரம் நிற்கும்? "உங்கட மீன் பழுதாப் போகுமே முதலாளி" என்று அண்ணன் தடுத்தான். "மீன் நாளைக்கும் வரும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது பெட்டியைக் கவிழ்த்தார்.

மூன்றாவது பெட்டியிலும் முரல் எல்லாம் மொட்டைதான். அடியில் ஒரு பெரிய அறுக்குளா கிடந்தது. அதைத் தூக்கிய முதலாளி "அல்லாஹ்!" என்று கையை உதறினார், விரலில் இரத்தம். அறுக்குளாவின் செவிளுக்குள் ஒரு முரல் தன் மூக்கை முழுதாகச் செருகிக்கொண்டு கிடந்தது. அடுக்கியவன் கண்ணில் அது படவில்லை. வெளியே இழுத்தோம். மூக்கு முழுசாக, நுனி கூட ஒடியாமல் இருந்தது. இரத்தம் வழிகிற விரலை வாயில் வைத்துக்கொண்டே அந்த மனிதர் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். காசு என்று அண்ணன் மடியைத் தொட்டபோது கோபித்துக்கொண்டார். ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு எங்களை ஏற்றி, "ஓடுங்கோ, அல்லாஹ் லேசாக்கித் தருவான்" என்றார்.

ரிக்‌ஷாவில் அந்த முரலை நான் பெருநாள் சுற்றுப்பிரகாரத்தில் மெழுகுதிரி பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மூக்கு எங்கேயும் இடிபடக் கூடாதே. றோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். மீனோடு உள்ளே போக முடியாதாம். அவர் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, இரண்டு பேருக்கும் குரல்தான் ஏறியது. கடைசியில் நான் பேச்சை விட்டுவிட்டு, அந்த மூக்கின் நுனியை என் கன்னத்தில் வைத்து, உள்ளே குத்தி முறிகிற மாதிரிக் காட்டி, நோயாளிகள் படுத்திருக்கிற வாட்டுப் பக்கம் கையை நீட்டினேன். அவர் மீனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வாசலைத் தானே திறந்துவிட்டார்.

டொக்டர் சொன்னபடியே காத்திருந்தார். முதலில் மீனை மட்டும் தட்டில் வைத்து மூன்று படம் எடுத்தார், ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து. மூன்றாவதில்தான் அந்த மூக்கு தெரிந்தது. மங்கலான இரண்டு கோடு, ஓரத்தில் வாள் பல்லுப் போலப் பொடிப் புள்ளிகள். பிறகு கணவரை மல்லாக்கப் படுக்க வைத்து, தோளுக்குக் கீழே தலையணை கொடுத்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டு, நாடிக்குக் கீழே இருந்து மேல்நோக்கிப் படம் பிடித்தார். மண்டையின் அடிப்பக்கத்தைப் பார்க்க அதுதான் வழியாம். காய்ச்சலோடு அந்த மனிதர் எப்படி அசையாமல் கிடந்தாரோ தெரியாது. கன்னத்துக்குப் பக்கத்தில் தட்டில் முரலும் கிடந்தது. அறை முழுக்க மீன் வாசம்.

இருட்டறையிலிருந்து டொக்டர் வெளியே வரும்வரை நான் மாதாவை நோக்கி எத்தனை அருள்நிறை மந்திரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வந்தவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். ஓரத்தில் மீனின் மூக்கு, அந்த இரண்டு கோடு. இந்தப் பக்கம் என் கணவரின் தாடை எலும்பு. தாடைக்கு உள்பக்கம், சரிவாக, மேலே ஏறி, அதே இரண்டு கோடு. அதே பொடிப் பல். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் கூட ஒன்றைப் பார்த்து மற்றதை அடையாளம் கண்டிருப்பார்.

"ஒரு விரல் நீளம் இருக்குது. குழாய்க்கு ஒரு நெல்லு இடைவெளிதான்" என்றார் டொக்டர்.  அந்த ஈரப்படத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வெள்ளைக்காரரைத் தேடிப் போனார்.

மறுநாள் காலை வாயை நெம்பவில்லை. காயம் இருந்த இடத்திலேயே கீறி, போன வழியாலேயே அதை வெளியே எடுத்தார்கள். நானும் அண்ணனும் வெளியே வாங்கில் இருந்தோம். அண்ணன் ஒரு தடவை மட்டும், "நான் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், தங்கச்சி" என்றான். நானும் கேட்டிருக்கலாம் என்றேன்.  ஒரு மணி நேரம் போயிருக்கும். கதவைத் திறந்துகொண்டு எக்ஸ்ரே டொக்டர் வந்தார், கையில் ஒரு சின்ன வெள்ளைக் கோப்பை. "இது என்ன பிள்ளை, பச்சையா இருக்கு? உள்ள எல்லாரும் பயந்து போனம்" என்றார். எட்டிப் பார்த்தேன். முரல் முள் பச்சை நிறம் என்பது எங்களூரில் பிள்ளைகளுக்கும் தெரியும். பச்சைதான் ஐயா, அதுதான் ஐயா என்று சொல்ல வாயெடுத்தவள் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, ஒரு தாதி வந்து தண்ணீர் தரும்வரை நிற்கவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு பாரம் ஒரே நேரத்தில் இறங்கினதை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. நாலு பிள்ளை பெற்றும் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் அவருக்கு வாய் ஒரு விரலளவு திறந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். மனிதர் ஏழு நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு என்னவாக இருக்கும்? என்னைத் திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்றுதான் நின்றேன். "அந்த முரல் குழம்பில என்ர பங்கை ஆர் திண்டது?" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்தேன். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் உங்களுக்கு நோவென்றால் நான் கேலி செய்யமாட்டேன் என்றேன். அந்த வாக்கை நான் முழுதாகக் காப்பாற்றவில்லை. முடிந்தவரை காப்பாற்றினேன்.

ஊருக்குத் திரும்புமுன் அந்த முதலாளிக்கு நன்றி சொல்ல மீன்சந்தைக்குப் போனோம். அன்று அவர் இல்லை, சிலாவத்துறைக்குப் போய்விட்டார் என்றார்கள். பெயரைக் கேட்டு வைக்காத மடைச்சி நான். பிறகு சிலாவத்துறைப் பக்கம் போய்வந்த பலரிடம் விசாரித்தும் பார்த்தேன், பெயரில்லாமல் யாரைக் கண்டுபிடிப்பது? அன்று கவிழ்த்த மூன்று பெட்டி மீனும் என்ன ஆனதோ தெரியாது. அந்த எக்ஸ்ரே டொக்டருக்கு மட்டும் வருடா வருடம் நத்தார்ப் பெருநாளுக்கு ஒரு பார்சல் கருவாடு ரயிலில் அனுப்பினோம். முதல் வருடம் அவர் பதில் எழுதினார், இப்போது தன் அறையில் மீனவர் யார் வந்தாலும் என்ன மீன், அதற்கு மூக்கு உண்டா என்று கேட்காமல் படம் எடுப்பதில்லையாம்.

வருடம் எவ்வளவோ ஓடிவிட்டது. எனக்கும் கண் மங்குகிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் சாய்வுக் கதிரையில் படுத்து, வாயை ஆவென்று திறந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் குறட்டை விடுவார். தட்டி எழுப்புங்கள், வெளியே கேட்கிறது என்று பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள். நான் எழுப்புவதில்லை. எல்லோரும் எல்லாம் தெரிந்தவர்களாய் இருந்து, யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், அந்த வாயை என்றைக்குமாக மூடிவிடப் பார்த்தோம் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், பக்கத்தில் ஒரு வாங்கை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் குறட்டையை நான் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.